எந்த விலங்கிடம் எந்தக் கேள்வி

(தஞ்சோங் ரம்புத்தானில் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ் நோயைப் பற்றி, வயதில் பெரியவர்களும் தாய்மார்களும் உட்கார்ந்திருக்கும் சபையில் பேசலாமா என்று சிலர் தயங்கியதாகக் கேள்விப்பட்டேன். பேசத்தான் வேண்டும். அதுவும் இந்த ஊரில் பேச வேண்டும். 1911இல் இங்கே மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர் பெற்றிருக்கும் அந்த இடத்தால், தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே நாடு முழுக்க ஒரு கேலிச்சொல்லாகிப் போனது. வெளியூரில் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சொந்த ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கிய காலம் உண்டு. ஒரு நோயோடு ஒட்டிக்கொள்ளும் வெட்கம், நோயே இல்லாதவர்களைக்கூட எப்படித் துரத்தும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஹெர்பிஸுக்கும் அந்த வெட்கம்தான் பெரிய துணை. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 84 கோடியே 60 இலட்சம் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். ஆண்டுக்குப் புதிதாகத் தொற்றுபவர்கள் 4 கோடியே 20 இலட்சம். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அந்த வைரஸ் இருப்பதே தெரியாது. சிலருக்கு வலி மிகுந்த கொப்புளம், புண், காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று முதல் தாக்குதல் கடுமையாக வரும். ஆறிவிடும். பிறகு மாதங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடி வரும். நடத்தை கெட்டவர்களுக்கு வரும் நோய் என்று யாராவது சொன்னால், இந்த எண்ணிக்கையை அவர்களிடம் சொல்லுங்கள். உலகில் அந்த வயதினரில் ஐந்தில் ஒருவர் மீது அந்தத் தீர்ப்பை எழுத யாருக்கும் தகுதி இல்லை.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், இந்த நோயைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் எப்படித் தெரிய வந்தன என்பது. முயல், சுண்டெலி, கினிப்பன்றி ஆகிய மூன்று உயிர்கள் வழியாகத்தான் பெரும்பகுதி தெரிய வந்தது. கினிப்பன்றி என்பது பெயருக்குத்தான் பன்றி. அது முயல்குட்டி அளவே உள்ள, வாலில்லாத, கொறித்துத் தின்னும் சாதுவான பிராணி. இவற்றைத் துன்புறுத்தலாமா என்ற கேள்வி உங்களில் பலர் மனத்தில் இருக்கும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, நம் நாட்டிலேயே 1905இல் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், நரம்பு செயலிழக்கும், இதயம் நின்றுபோகும். ஈய லம்பங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அந்த நோய் அரிது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் காரணத்தைச் சாப்பாட்டுத் தட்டில் தேடினார். சீனர்கள் தீட்டிய பச்சரிசிச் சோறு சாப்பிட்டார்கள். நம்மவர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி சாப்பிட்டார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்களின் சோற்றுப்பானை அவர்கள் அறியாமலேயே அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இதைச் சோதிக்க வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியைத் தேர்ந்தெடுத்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்களுக்குத் தீட்டிய சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் விழுந்தவர்களுக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களில் நோய் ஏறத்தாழ இல்லை. மருத்துவ வரலாற்றில் இந்தச் சோதனையைப் பாராட்டி எழுதுவார்கள், நேர்த்தியான சோதனை என்பார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். ஆறு ஆண்டுகள் கழித்து இந்த ஊரில் திறந்த மருத்துவமனையில் யாரை அடைத்தார்களோ, அவர்களைப் போன்றவர்கள்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கும் செய்தி ஒன்று உண்டு. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பக்கத்து ஜாவாவில், பதாவியா நகரில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளில் இதே நோயைக் கண்டுவிட்டார். தீட்டிய அரிசிச் சோறு போட்ட கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. தவிடு போட்டால் எழுந்தன. 1897இல் அவர் அதை எழுதிவிட்டார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், தவிட்டில் இருக்கும் ஏதோ ஒரு சத்து இல்லாமல் போவதுதான் நோய் என்று 1901இல் தெளிவாகச் சொல்லிவிட்டார். கோழி சொன்னதை நம்பியிருந்தால் அந்த 18 பேர் சாக வேண்டியதில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பிரேசர், ஸ்டான்டன் இருவரும் மறுபடி கோழிகளிடமே போனார்கள். தவிட்டின் எந்தப் பகுதியில் அந்தச் சத்து இருக்கிறது என்று கோழிகளை வைத்தே துருவினார்கள். 1926இல் ஜாவாவில் அந்தச் சத்தைத் தனியே பிரித்தபோது சோதனைக்குப் பயன்பட்டவை நெல்வயலில் திரியும் சின்னக் குருவிகள். அதைத்தான் இன்று தயமின், வைட்டமின் பி1 என்கிறோம்.

விலங்கைச் சோதனைக்கு எடுக்க மறுத்தால் சோதனையே நடக்காது என்று நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வாய் இல்லாத மனிதர்கள்மீது நடக்கும். சிறையில், விடுதியில், தோட்டத்தில். ஆகவே விலங்குச் சோதனையை எதிர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக யார் நிற்பார்கள் என்று அவர்களிடம் கேட்பேன். அதேபோல் விலங்குச் சோதனை செய்பவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு: இந்த விலங்கின் உடம்பால் பதில் சொல்ல முடிகிற கேள்வியைத்தான் கேட்கிறாயா? ஓர் உயிரைச் சாகடித்து அதனால் சொல்ல முடியாத பதிலைக் கேட்பது பாவம். அதைவிட மோசம், அது சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொள்வது.

ஒரு வைரஸ் உடம்புக்கு உடம்பு எப்படி மாறி நடக்கும் என்பதை நம் கிந்தா மாவட்டம் 1998இல் கண்ணால் பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியிலிருந்து ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். பண்ணையிலோ பன்றிகள் முன்பு எப்போதும் கேட்காத பெருஞ்சத்தத்தில் இருமிக்கொண்டிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றியை இப்படி இரும வைக்காது. நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவியது; 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா கா பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 மரணம், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவாலுக்கு அந்த வைரஸால் ஒன்றும் ஆவதில்லை. பன்றிக்கு முக்கியமாக நுரையீரல் கெடுகிறது. மனிதனுக்கு மூளை போகிறது. சாதாரண ஆய்வக எலிக்கு ஊசியில் செலுத்தினாலும் அது பாட்டுக்கு ஓடித் திரியும். மனித நோயைப் போலவே இரத்தக்குழாயும் மூளையும் கெடும் சின்னப் பிராணி வெள்ளெலி வகையைச் சேர்ந்த ஹாம்ஸ்டர் என்று, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வோங் கும் தோங்கும் அவரது சக ஆய்வாளர்களும் 2003இல் காட்டினார்கள். நிப்பா மருந்தைச் சுண்டெலியில் சோதித்து, எலி பிழைத்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று ஒருவர் சொன்னால் அது எவ்வளவு பெரிய ஏமாற்று!

இப்போது ஹெர்பிஸுக்கு வருகிறேன்.

முதலில் முயல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் குரூட்டர் என்ற கண் மருத்துவர், மனிதக் கண்ணில் இருந்த ஹெர்பிஸ் புண்ணிலிருந்து எடுத்ததை முயலின் விழியில் வைத்தார். முயலுக்கும் அதே புண் வந்தது. அதிலிருந்து எடுத்து இன்னொரு முயலுக்கும் தொற்ற வைக்க முடிந்தது. இது தொற்றும் பொருள் என்று அப்படித்தான் உறுதியானது. 1920களில் அமெரிக்காவில் குட்பாஸ்டர் என்ற நோயியல் அறிஞர் முயலின் தாடைத் தசையில் வைரஸைச் செலுத்திவிட்டு அது எந்த வழியாக மூளைக்குப் போகிறது என்று பார்த்தார். இரத்தத்தின் வழியாக இல்லை, நரம்பின் வழியாகவே ஏறுகிறது என்று கண்டார். அப்படியானால் புண் ஆறிய பிறகு வைரஸ் நரம்பு முடிச்சில் தங்கியிருக்கலாம் என்று 1929இல் ஊகித்தார். ஊகம் சரி. அதை நிரூபிக்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

நிரூபித்தது சுண்டெலி. லாஸ் ஏஞ்சலஸில் ஜாக் ஸ்டீவன்ஸ், மார்ஜரி குக் என்ற இருவர் எலியின் பாதத்தில் வைரஸைச் செலுத்தினார்கள். நோய் ஆறியது. பல வாரங்கள் கழித்து, எலியின் முதுகுத்தண்டு ஓரத்தில் உள்ள நரம்பு முடிச்சை எடுத்து அரைத்துப் பார்த்தால் வைரஸே இல்லை. அதே முடிச்சை அரைக்காமல் உயிர்த்திசுவாக வளர்த்தால், சில நாளில் வைரஸ் எழுந்து வந்தது. தொல்லை தரும் உருவத்தில் அது அங்கே இல்லை. தன் மரபுச் செய்தியை மட்டும் நரம்பணுவுக்குள் வைத்துவிட்டு அடங்கியிருந்தது. 1971இல் இது வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இறந்த மனிதர்களின் நரம்பு முடிச்சுகளிலும் அதே முறையில் வைரஸை எழுப்பிக் காட்டினார்கள். முகத்தைத் தாக்கும் முதல் வகை, முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில். பிறப்புறுப்பைத் தாக்கும் இரண்டாம் வகை, முதுகின் அடியில் உள்ள முடிச்சில். எலி சொன்னது மனிதனிலும் சரியாக இருந்தது. ஹெர்பிஸ் ஏன் குணமாவதில்லை என்ற கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் உள்ள பதில் அந்த எலியின் பாதத்திலிருந்து வந்ததுதான்.

ஆனால் எலியால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. எலிக்கு நோய் தானாகத் திரும்பி வராது. அடங்கிய வைரஸ் அடங்கியே கிடக்கும். பெண் எலிக்குப் பிறப்புறுப்பு வழியாகத் தொற்ற வைப்பதற்கே முதலில் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஊசி போட வேண்டும். பல பெண்கள் கருத்தடைக்குப் போட்டுக்கொள்ளும் டெப்போ புரோவேரா அதே மருந்துதான். அது உள்தோலை மெலிய வைத்து வைரஸுக்கு வழி திறக்கிறது. தொற்றிய எலி பெரும்பாலும் பின்னங்கால் செயலிழந்து செத்துவிடும். மனிதப் பெண் பிறப்புறுப்பு ஹெர்பிஸால் பொதுவாகச் சாவதில்லை. அவளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. எலியின் நோய் வேறு, அவளுடைய நோய் வேறு.

இங்கேதான் கினிப்பன்றி வந்தது. 1982இல் லாரன்ஸ் ஸ்டான்பெரியும் அவருடன் பணியாற்றியவர்களும் பெண் கினிப்பன்றியின் ஹெர்பிஸை விரிவாக எழுதி வைத்தார்கள். தொற்றிய மூன்று நான்கு நாளில் கொப்புளம், பிறகு புண், சில விலங்குகளுக்குச் சிறுநீர் அடைப்பு, இரண்டு வாரத்தில் ஆறுதல். அதன் பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, அதே இடத்தில் மறுபடி கொப்புளம். புண்ணே இல்லாத நாளிலும் வைரஸ் வெளியே வருகிறது. மனிதப் பெண்ணின் நோயை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய சின்னப் பிராணி வேறில்லை. அந்தப் பதிவைப் படிக்கும்போது எனக்கு அந்த விலங்குகள்மீது மரியாதை ஏற்படுகிறது. பல பெண்கள் மருத்துவரிடம் சொல்லத் துணியாத ஒரு நோயின் நாட்குறிப்பை அவை தம் உடம்பில் எழுதிக் கொடுத்தன.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசைக்ளோவிர் என்ற மாத்திரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் கெர்ட்ரூட் எலியனின் குழு உருவாக்கியது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்து சாதாரண உயிரணுவுக்குள் சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த உயிரணுவில் மட்டும் வைரஸின் சொந்த நொதியே அதைத் தூண்டிவிடும், தூண்டப்பட்ட மருந்து வைரஸ் பெருகுவதை நிறுத்திவிடும். 1978இல் அது வெளியானபோது எலியின் மூளைத்தொற்று, முயலின் கண்புண், கினிப்பன்றியின் தோல்புண் மூன்றிலும் வேலை செய்வதைக் காட்டித்தான் வெளியானது.

எலியின் மூளை என்றேன். அது இந்த ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. ஹெர்பிஸ், பெரும்பாலும் முதல் வகை, அபூர்வமாக மனித மூளையைத் தாக்கும். காதுக்கு உட்புறமுள்ள மூளைப்பகுதியை அது தாக்குவதால், காய்ச்சலோடு ஆள் திடீரென்று மாறிப்போவார். சம்பந்தமில்லாமல் பேசுவார், வீட்டாரை அடையாளம் தெரியாது, இல்லாத மணம் வீசுகிறது என்பார், வெறி பிடித்தவர்போல் நடப்பார். இப்படிப்பட்டவரைப் பேய் பிடித்ததாக நினைத்துக் கோயிலுக்கோ பூசாரியிடமோ கூட்டிப்போவதும், மனநோய் என்று முடிவு கட்டுவதும் நம்மிடையே நடக்கக்கூடியவை. மருந்து இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறப்பார்கள். 1986இல் வெளியான மனிதச் சோதனையில், அசைக்ளோவிர் கொடுத்தவர்களில் 28 சதவீதம் பேர் இறந்தார்கள், பழைய மருந்து கொடுத்தவர்களில் 54 சதவீதம். காய்ச்சலோடு ஒருவருக்குத் திடீரெனப் புத்தி மாறினால் அன்றைக்கே பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த விஷயத்தின் கடினமான பகுதி.

மருந்து நோயை அடக்கும், நரம்பு முடிச்சில் உள்ள வைரஸைத் தொடாது. தடுப்பூசி வேண்டும். வைரஸின் மேலுறையில் ஜி-டி என்ற புரதம் உண்டு. உயிரணுவுக்குள் நுழைய அதுதான் சாவி. அந்தப் புரதத்தைத் தயாரித்துக் கினிப்பன்றிக்குத் தடுப்பூசியாகப் போட்டால் அழகாக வேலை செய்தது. நோய் குறைந்தது, திரும்பி வருவதும் குறைந்தது. நம்பிக்கையோடு மனிதர்களுக்குப் போட்டார்கள். 1999இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் பாதுகாப்பு 9 சதவீதம்தான். 2002இல் ஸ்டான்பெரியே முன்னின்று நடத்திய வேறொரு தடுப்பூசிச் சோதனையில், முன்பு எந்த ஹெர்பிஸும் தொற்றாத பெண்களுக்கு நோயிலிருந்து எழுபது சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக் கிடைத்தது. ஆண்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கீற்றைப் பிடித்துக்கொண்டு 8,323 பெண்களைச் சேர்த்து இன்னும் பெரிய சோதனை நடத்தினார்கள். 2012இல் முடிவு வந்தது. மொத்தப் பாதுகாப்பு 20 சதவீதம். முதல் வகைக்கு எதிராக ஓரளவு பயன் இருந்தது. எந்த இரண்டாம் வகைக்காக அது செய்யப்பட்டதோ அதற்கு எதிராகப் பயனில்லை.

கினிப்பன்றி பொய் சொன்னதா? இல்லை. அதனிடம் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். இளம் விலங்கு. வேறு எந்தக் கிருமியும் தொற்றாத சுத்தமான கூண்டு. தடுப்பூசி போட்ட சில வாரத்தில், ஒரே நாளில், ஒரே வைரஸ் இனத்தில், அதிக அளவில் ஒரு முறை தொற்ற வைத்தல். தடுப்பூசி தாங்குமா என்று கேட்டார்கள். தாங்கும் என்று அது சொன்னது. ஒரு பெண்ணின் வாழ்க்கை அப்படி இல்லை. அவளுக்கு வருவது ஒரு நாள் கொட்டித் தீர்க்கும் ஈப்போ மழை இல்லை. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு விழும் தூறல். எந்த நாளில் எவ்வளவு வைரஸ் வரும் என்று யாருக்கும் தெரியாது. தொற்று உள்ள துணைவருக்குப் புண்ணே இல்லாத நாளிலும் வைரஸ் வருகிறது. 2011இல் வெளியான ஆய்வில், நோய்க்குறி உள்ளவர்களுக்குச் சோதித்த நாட்களில் 20 சதவீதத்திலும், எந்தக் குறியும் தெரியாதவர்களுக்கு 10 சதவீதத்திலும் வைரஸ் வெளிவந்தது. இந்த நிலைமையைக் கூண்டில் கொண்டுவர முடியாது.

இன்னொரு காரணம் இன்னும் நுட்பமானது. இந்த வைரஸ் மனிதனோடு இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து பழகியது. மனித உடம்பின் காவலை ஏமாற்றும் தந்திரங்கள் அதனிடம் உண்டு. அதன் ஜி-ஈ என்ற புரதம், நம் எதிர்ப்புப் புரதங்களின் வால்பகுதியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. சுண்டெலியின் எதிர்ப்புப் புரதத்தை அதனால் அப்படிப் பிடிக்க முடியாது. ஆகவே எலியில் தடுப்பூசியைச் சோதிக்கும்போது, மனிதனிடம் அது போடும் முக்கியமான சண்டை ஒன்று நடக்காமலேயே போய்விடுகிறது. எலி பிழைக்கிறது, நாம் கைதட்டுகிறோம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது, நமக்கு நெருக்கமானது. அக்கி. தோட்டத்து லயங்களில் அக்கி வந்தால் காவி குழைத்து அக்கி எழுதியவர்களை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அக்கியைத் தருவதும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்தான். சிறுவயதில் சின்னம்மையாக வந்து, நரம்பு முடிச்சில் தங்கி, முதுமையில் ஒரு பட்டையாகக் கிளம்புவது. இயற்கையில் அது ஏறத்தாழ மனிதனை மட்டுமே அண்டும். மனித அக்கியைப் போல ஒரு விலங்கிலும் உருவாக்க முடியவில்லை. அப்படியிருந்தும் அக்கிக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. 2015இல் வெளியான சோதனையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 97 சதவீதப் பாதுகாப்பு. சின்னம்மைத் தடுப்பூசிக்கு ஜப்பானில் தகாஹாஷி வைரஸைப் பலவீனப்படுத்தியபோது, கினிப்பன்றிக் கருவின் உயிரணுக்களில் பலமுறை வளர்த்தெடுத்தார். அதாவது கினிப்பன்றியை நோயாளியாக நிறுத்தாமல், வைரஸைப் பழக்கும் இடமாக வைத்தார். நோயைத் தத்ரூபமாகக் காட்டும் விலங்கு இருந்த இடத்தில் தடுப்பூசி தோற்றது. அப்படி ஒரு விலங்கே இல்லாத இடத்தில் வென்றது. நோயின் சாயல் எவ்வளவு பொருந்துகிறது என்பதைவிட, கேட்ட கேள்வி அந்த உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

குரங்கு மனிதனுக்கு நெருக்கமாயிற்றே, அதில் சோதிக்கலாமே என்று கேட்பீர்கள். நம் வீட்டுக் கூரைக்கு வரும் நீண்டவால் குரங்குக்குச் சொந்தமாகவே ஒரு ஹெர்பிஸ் இருக்கிறது, பி வைரஸ் என்று பெயர். நம் ஹெர்பிஸ் நம்மிடம் நடந்துகொள்வதைப் போலவே அது குரங்கிடம் நடந்துகொள்ளும்: வாயிலும் பிறப்புறுப்பிலும் வரும், கூடுவதால் பரவும், நரம்பில் தங்கும், பெரிய தொல்லை தராது. அதே வைரஸ் கடியோ கீறலோ மூலம் மனிதனுக்குள் போனால் மூளையைத் தாக்கிக் கொன்றுவிடக்கூடும்; நெருங்கிய உடம்புகளிலேயே ஒரு வைரஸ் இப்படி மாறி நடக்கிறது. 1932இல் அமெரிக்காவில் ஆய்வகக் குரங்கு கடித்த இளம் மருத்துவர் ஒருவர் இறந்தபோதுதான் அது முதலில் தெரிய வந்தது. அப்படித் தொற்றுவது மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் குரங்கு கடித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள்.

இப்போது நிலைமை என்ன? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹார்வி பிரீட்மனும் சீதா அவஸ்தியும், 2023இல் நோபல் பெற்ற டுரூ வைஸ்மனோடு சேர்ந்து, எம்ஆர்என்ஏ முறையில் ஒரு தடுப்பூசி செய்தார்கள். அதில் ஜி-டியோடு ஜி-சி, ஜி-ஈ என்ற இரண்டையும் சேர்த்தார்கள். நான் சொன்ன அந்த ஏமாற்றுத் தந்திரத்தையே குறிவைக்கும் எண்ணம். 2019இல் வந்த முடிவில் எலிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் காத்தது, கினிப்பன்றிகளிலும் பலன் தந்தது. 2022 டிசம்பரில் மனிதச் சோதனை தொடங்கியது. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதே நம்பிக்கைதான் 1999க்கு முன்பும் இருந்தது என்பதையும் மறக்க மாட்டேன். சியாட்டிலில் கீத் ஜெரோமின் குழு வேறு வழியில் போகிறது. நரம்பு முடிச்சுக்குள் அடங்கியிருக்கும் வைரஸின் மரபணுவையே நறுக்கும் நொதியை உள்ளே அனுப்புகிறார்கள். 2020இல் எலிகளின் ஒரு நரம்பு முடிச்சில் முதல் வகை வைரஸை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டினார்கள். இந்தக் கேள்விக்கு எலி தகுந்த விலங்கு. அடங்கிக் கிடக்கும் வைரஸை அகற்ற முடியுமா என்பதுதானே கேள்வி. எலியில் அது அடங்கித்தானே கிடக்கிறது! ஆனால் மனிதனுக்குத் திரும்பி வருவது நின்றுவிடுமா என்று அந்த எலியிடம் கேட்கக் கூடாது.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் ஆய்வில் பயன்படும் விலங்குகளையும் உள்ளடக்குகிறது. நல்லது. உரிமம் கொடுப்பவர்கள் கூண்டின் அளவையும் வலிமருந்தையும் பார்ப்பார்கள். கேள்வி அந்த விலங்குக்குப் பொருந்துகிறதா என்பதையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பிரசவத்தின்போது ஹெர்பிஸ் குழந்தைக்குத் தொற்றலாம். தொற்றினால் உயிருக்கே ஆபத்து. கினிப்பன்றிக் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பு முழுக்க முடியோடு, ஓடத் தயாராகப் பிறக்கிறது. நம் குழந்தை அப்படிப் பிறப்பதில்லை. ஆகவே இங்கே நமக்கு வழிகாட்டுவது தாய்மார்கள் தாமே மருத்துவரிடம் சொன்ன விவரங்கள்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால், குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றில் முப்பது முதல் ஐம்பது வரை. பழைய தொற்றாக இருந்தால் நூற்றில் மூன்றுக்கும் குறைவு. உங்களுக்கோ கணவருக்கோ எப்போதாவது அந்த இடத்தில் கொப்புளம் வந்திருந்தால், அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போது தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். பிரசவ வலி வரும்போது புண் இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். கணவருக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால், கடைசி மூன்று மாதம் உறவைத் தவிர்ப்பது நல்லது. வாய்வழி உறவும் இதில் அடக்கம். முதல் வகை வாயிலிருந்தும் அங்கே வரும்.

இப்போது கேள்வி நேரம். எழுந்து நின்று கேட்கக் கூச்சமாக இருப்பவர்களுக்காக வாசலருகே வெள்ளைத் தாளும் பென்சிலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் எழுத வேண்டாம். தமிழிலோ மலாயிலோ எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் இங்கிருந்தே பதில் சொல்கிறேன்.